அத்தியாயம் 6: வந்த பணம் எந்தப் பிள்ளைக்கு?

பள்ளி மானியம் வந்ததும் பல பள்ளிகளில் முதலில் வாங்குவது பெயிண்ட். வகுப்பறைச் சுவரில் வண்ணத்துப்பூச்சி, வாசலில் வள்ளுவர், பெட்டிக்கு ஓர் எண் எழுதிய ரயில். பார்வையிட வரும் அதிகாரியின் கண்ணில் படுவது அதுதான். போட்டோ எடுத்து ரசீதோடு சேர்த்து அனுப்பவும் வசதி. அதே வகுப்பறையில், இரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் ஒரு பிள்ளை ‘பால்’ என்ற சொல்லைப் ‘பரல்’ என்று படித்துக்கொண்டிருக்கும். பெயிண்ட் அடிப்பதில் தவறில்லை. அந்தப் பிள்ளையைத் தாண்டிக்கொண்டு பெயிண்ட் முன்னால் போய் நிற்பதுதான் தவறு.

இந்த அத்தியாயம் திருச்சி மாநகர், ஸ்ரீரங்கம், ஆற்றைத் தாண்டிய அந்தநல்லூர் ஒன்றியம் ஆகிய பகுதிகளில் உள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கும் பயன்படும். குறிப்பாக, தலைவர் என்று பெயர் போட்டுவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படும் அம்மாக்களுக்கு.

எவ்வளவு வரும்?

ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தை சமக்ர சிக்ஷா என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். அதில் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பொதுத்தொகைக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று பெயர். தொகை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ரூ.10,000. 31 முதல் 100 வரை ரூ.25,000. 101 முதல் 250 வரை ரூ.50,000. 251 முதல் 1,000 வரை ரூ.75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் 10 சதவீதமாவது தூய்மைக்குப் போக வேண்டும். இவை விதிமுறை சொல்லும் தொகைகள். கைக்கு வரும்போது தவணையாகவோ தாமதமாகவோ வருவது உண்டு.

இந்தப் படிநிலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 30 பிள்ளைகள் உள்ள பள்ளிக்குப் பத்தாயிரம். 31 ஆனால் இருபத்தைந்தாயிரம். ஒரே ஒரு சேர்க்கைக்கு ரூ.15,000 வித்தியாசம். 31 பேர் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளைக்கு சுமார் ரூ.806 விழுகிறது. 100 பேர் இருந்தால் வெறும் 250. ஆகவே எண்ணிக்கை எல்லைக்கோட்டில் நிற்கும் பள்ளிகள் சேர்க்கைக் காலத்தில் தெருத்தெருவாகப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பள்ளி விவரங்களைத் திரட்டும் யூடைஸ் பதிவில் ஒரு பெயர் விட்டுப்போனால் நட்டம் அந்தப் பெயரோடு நிற்காது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. இந்த மானியம் தலையை எண்ணுகிறது, வறுமையை எண்ணுவதில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் 60 பேர் படிக்கும் பள்ளிக்கும், பூ கட்டுபவர், மூட்டை தூக்குபவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் 60 பேர் படிக்கும் பள்ளிக்கும் ஒரே தொகைதான். இங்கிலாந்தில் 2011 முதல் வேறு முறை இருக்கிறது. பள்ளியில் இலவச உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளை, அல்லது கடந்த 6 ஆண்டுகளில் எப்போதாவது அந்தத் தகுதி பெற்றிருந்த பிள்ளை என்று கணக்கெடுத்து, தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குக் கூடுதல் பணம் தருகிறார்கள். 2015 முதல் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் அதுபோல ஒரு தொகை உண்டு. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடப் போகிறோம் என்பதை ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் தன் இணையதளத்தில் எழுதிப் போட வேண்டும். நம்மிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. அரசு எண்ணித் தராத வறுமையைப் பள்ளிக்குள் இருப்பவர்கள்தான் எண்ண வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்ல வருவதே அவ்வளவுதான். மற்றவை அதைச் செய்யும் வழிகள்.

பணம் வராத ஆண்டும் உண்டு. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25க்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கின் நியாயங்களைப் பேச இது இடமில்லை. பள்ளி அளவில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மானியத்தை நம்பிக் காத்திருந்து கடைசியில் மார்ச் மாதத்தில் திட்டம் போடாதீர்கள். ஜூன் மாதமே பட்டியல் தயாராக இருக்கட்டும். பணம் எப்போது வந்தாலும் பட்டியலின் முதல் வரியிலிருந்து செலவு தொடங்கட்டும்.

எதற்கு எந்தப் பணம்?

மானியத்தை வீணாக்கும் எளிய வழி, வேறு ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கு அதைச் செலவிடுவது. ஸ்ரீரங்கம் முன்பு தனி நகராட்சியாக இருந்தது; 1994இல் திருச்சி மாநகராட்சி ஆனபோது அதோடு இணைந்தது. மாநகராட்சிப் பள்ளியின் கட்டடமும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் மாநகராட்சியின் பொறுப்பு. அதற்கென்று சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலிக்கிறார்கள். ஆகவே ஒழுகும் கூரைக்கு மானியத்தில் கை வைப்பதற்கு முன், வார்டு உறுப்பினர் வழியாக மாநகராட்சிக்கு ஒரு மனு போகட்டும். அந்தநல்லூர் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடத்துக்கு ஒன்றியத்தையும், பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியும் கட்டடத்துக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். கட்டடத்துக்குப் பணம் தர ஆள் உண்டு, திறப்பு விழாவும் கல்வெட்டும் இருப்பதால். எழுத்து அட்டை வாங்கித் தந்ததற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதனால்தான் மானியத்தை எழுத்து அட்டைக்கென்று காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

பாடநூல், நோட்டு, புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சீருடை எல்லாம் அரசு தனியாகத் தருகிறது. நூலகப் புத்தகங்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000 வரை, விளையாட்டுப் பொருளுக்கு ரூ.5,000 வரை தனித் தலைப்புகளில் வரும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.3,500 வரை ஒதுக்க விதியில் இடம் உண்டு. பெண் பிள்ளையானால் மாதம் ரூ.200 வீதம் 10 மாதத்துக்கு உதவித்தொகையும் சேரும். துறையூர், உப்பிலியபுரம் ஒன்றியங்களில் பச்சமலை மேலே சிதறிக்கிடக்கும் குடியிருப்புகளுக்கு வேறு தலைப்பு பொருந்தும். பள்ளி எட்டாத தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பயணத்துக்கோ துணைக்கு ஆள் அனுப்பவோ ஆண்டுக்கு ரூ.6,000 வரை கேட்கலாம். பிள்ளையின் வீட்டில் வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலும் நிரந்தரமாக முடங்கினாலும் ரூ.75,000 கிடைக்கும் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கும் அது உண்டு. இரங்கல் கூட்டம் போடும் பள்ளிகளில் எத்தனை இந்த விண்ணப்பத்தையும் போட்டிருக்கும் என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் வழியாகத்தான் அது நகர வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் பழைய பெயர் பெற்ற பள்ளிகளில் பல அரசு உதவி பெறுபவை. எழுத்தாளர் சுஜாதா படித்த ஆண்கள் பள்ளியும் அந்த வகைதான். பள்ளி மானியம் அரசுப் பள்ளிகளுக்கானது என்பதால், உதவி பெறும் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு வழி தேட வேண்டியவர்கள் நிர்வாகமும் பழைய மாணவர்களும்.

யாருக்கு என்று எழுதுங்கள்

செலவுப் பட்டியலுக்கு முன் பெயர்ப் பட்டியல் வேண்டும். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் சாதி, வருமானம், ஆதார் எல்லாம் இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வருவது யார், வாரத்தில் இரண்டு நாள் வராதது யார், கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது யார் என்பது அதில் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளைக்கு ஒரு வரி. நான்கு கேள்விகள்: படிக்கிறதா, வருகிறதா, சாப்பிட்டுவிட்டு வருகிறதா, உடம்பில் பார்வையிலோ காதிலோ பேச்சிலோ குறை தெரிகிறதா. இந்த நோட்டு ஆசிரியர்களிடமே இருக்கட்டும். பிள்ளையின் வீட்டுக் கதையைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் படிக்காதீர்கள்; “இரண்டாம் வகுப்பில் ஆறு பேர்” என்று சொன்னால் போதும். சின்ன ஊரில் சொல் வேகமாகப் பரவும். பரவினால் அந்த அம்மா அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்.

படிக்கிறதா என்று பார்ப்பது எப்படி? பிள்ளையைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் நடத்தாத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். நடத்திய பக்கம் மனப்பாடமாக வரும்; அது படிப்பு இல்லை. எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். துணைக்கால் போட்ட எழுத்தை ‘ர’ என்று படிக்கும் பிள்ளை நிறைய. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் தெரியாததால் ‘கொடி’ ‘கோடி’யாகும். ‘கெள’ என்று எழுதினால் ஒன்று, ‘கௌ’ என்று எழுதினால் வேறொன்று என்பதில் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். எழுத்தெல்லாம் வந்து சொல் வராத பிள்ளை ஒரு வகை. வரியைக் கடகடவென்று படித்துவிட்டு “யாரு வந்தா?” என்று கேட்டால் விழிக்கும் பிள்ளை இன்னொரு வகை. ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு. தடுக்கும் இடத்தைச் சொல்லால் எழுதிக்கொள்ளுங்கள். ‘சுமார்’ என்று எழுதினால் அந்த நோட்டு எதற்கும் உதவாது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். முதலில் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை. அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஏற்ற பொருள் கையில் இல்லாவிட்டால் பிரிப்பதால் பயனில்லை. அங்கேதான் மானியம் நுழைய வேண்டும்.

காலைப் பட்டியல்

திருச்சியில் பிள்ளை பள்ளிக்கு வருவதும் வராததும் பல வீடுகளில் சந்தையைப் பொறுத்தது. காந்தி மார்க்கெட்டில் லோடு இறங்குவது இரவில். அப்பா விடியும்போது வீடு திரும்புகிறார். வீடு தூங்கத் தொடங்குகிறது. எட்டரை, கோப்பு, போசம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிப்பு இருட்டோடு ஆரம்பிக்கிறது. பறித்த பூ ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்கு வந்து சேர்ந்தால்தான் விலை. முழம் போடும் வீடுகளில் அம்மாவின் விரல்கள் காலையில் ஓய்வதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்கு யார் தலை வாரி, யார் இட்லி ஊற்றித் தருவது?

இந்தக் கேள்விக்கு அரசு தந்த பதில் காலை உணவு. திருச்சிக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறும் உண்டு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில்தான். நாற்பது ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பமானது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. கடைசித் தேதி ஸ்ரீரங்கத்துக்கு முக்கியமானது. அங்கே உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளால் அதுவரை பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடுவதைக் கேள்விப்பட மட்டுமே முடிந்தது.

ஆனால் உப்புமாவும் பொங்கலும் மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறி முடிந்துவிடும். தாமதமாக வரும் பிள்ளைக்கு அது கிடைக்காது. தாமதமாக வருவது பெரும்பாலும் யார்? வீட்டில் எழுப்பிவிட ஆள் இல்லாத பிள்ளை. அதாவது இந்த உணவு யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பிள்ளை. நோட்டை எடுத்து இரண்டு வாரத்துக்குத் தாமதப் பட்டியலையும் காலை உணவுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. ஒரே தெருவில் இருந்து வரும் நான்கைந்து பிள்ளைகளை ஒரு அம்மாவின் பொறுப்பில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு போதும். குழுவில் இருக்கும் அம்மாக்களால் இது முடியும். தலைமையாசிரியரால் முடியாது.

பணம் செலவாகும் இடம் வேறு. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என்று 20 நாளுக்கு மேல் ஸ்ரீரங்கம் நிரம்பி வழியும். கடை போடும் குடும்பங்களுக்கு ஆண்டின் நல்ல வருமானம் அப்போதுதான். அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் அதையொட்டியே வரும். வராமல் போன பிள்ளையைத் திட்டுவதால் பயனில்லை. ஜனவரியில் பள்ளி திறந்ததும் விட்டுப்போன பாடத்தை மீண்டும் பிடிப்பதற்கென்று பயிற்சித் தாள்களும் அட்டைகளும் டிசம்பர் தொடக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். ஆண்டுத் திட்டத்தில் ‘வைகுண்ட ஏகாதசி’ என்று ஒரு வரி எழுதும் பள்ளிதான் ஸ்ரீரங்கத்துப் பள்ளி.

பொருளா, ஆளா?

ஒரு பள்ளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 62 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், மானியம் ரூ.25,000. தூய்மைக்கு விதிப்படி 2,500 போதும். பினாயில், விளக்குமாறு, கழிப்பறைக் குழாய் எல்லாம் பார்த்தால் 3,000 ஆகும். மின்விசிறியும் குழாயும் பழுது பார்க்க 6,000. குடிநீர் ஏற்பாட்டுக்கு 3,000. பதிவேடு, சாக்பீஸ், பிரிண்ட் செலவு 2,500. இதுவரை 14,500. மிச்சம் 10,500 இருக்கிறது. பெயிண்ட் அடித்தால் இதுவும் போய்விடும். அதற்குப் பதிலாக 7,000 ரூபாய்க்கு எழுத்து அட்டைகள், பிள்ளைகளின் கண்மட்டத்தில் மாட்டும் சிறு பலகைகள், சிலேட்டு, மணிச்சட்டம், பத்துப் பத்தாகக் கட்டும் குச்சிகள் வாங்கலாம். மலைக்கோட்டை அடிவாரக் கடைகளில் ஒரு நடை நடந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும். 2,000 ரூபாய்க்குப் பென்சில், ரப்பர், நோட்டு வாங்கி ஒரு பெட்டியில் வையுங்கள். “பென்சில் இல்ல டீச்சர்” என்ற குரல் எழும் முன் பிள்ளை போய் எடுத்துக்கொள்ளட்டும், யார் எடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. மீதி 1,500 இருப்பில் இருக்கட்டும், ஜனவரியில் தேவைப்படும்.

உண்மையைச் சொன்னால் பொருளைவிட ஆள்தான் பிள்ளையைத் தூக்கிவிடுகிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல சான்று. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் பாடம் சொல்லித்தர மட்டும் அரைநாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே இருந்த பணியாளருக்குச் சத்துமாவையும் எடையையும் கவனிக்க நேரம் கிடைத்ததால் குழந்தைகளின் ஊட்டமும் மேம்பட்டது. அதேபோல 2021 அக்டோபரில் வந்த இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம். அதன் முதல் 12 சோதனை மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தெருவிலேயே இருந்து, மாதம் ரூ.1,000 வாங்கிய அக்காக்கள் செய்த வேலை அது. அரசு செலவழித்த பணத்தில் இதைவிடச் சிக்கனமாகப் பலன் தந்தது குறைவு என்பது என் அபிப்பிராயம்.

சிக்கல் என்னவென்றால், பள்ளி மானியத்தில் ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. பொருள், பராமரிப்பு, மின்கட்டணம், கற்பித்தல் உபகரணம் இவற்றுக்கே விதி இடம் தருகிறது. ஆகவே ஆளுக்கான பணத்தை வெளியில் தேட வேண்டும். 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாகப் பழைய மாணவர்களும் நிறுவனங்களும் பணம் தரலாம். கம்பெனிச் சட்டம் 2013 வரையறைக்குள் வரும் நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். திருச்சியைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களிடம் போகும்போது “ஏதாவது செய்யுங்க” என்று கேட்காதீர்கள். ஸ்மார்ட் டிவி வந்து சேரும். “இரண்டாம், மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இத்தனை பேர். மாலை ஒரு மணி நேரம் உட்கார வைக்க ஒருவருக்குப் பத்து மாத மதிப்பூதியம் இவ்வளவு” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளுக்கான விவரம் உங்கள் நோட்டில் இருக்கிறது. வருபவரைச் சும்மா வகுப்பில் உட்கார வைத்துவிடாதீர்கள். யார், எந்த எழுத்தில், எத்தனை வாரம் என்று அவர் கையில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். இங்கிலாந்திலும் உதவி ஆசிரியர்களைத் திட்டமில்லாமல் வகுப்பில் விட்ட இடங்களில் பலன் தெரியவில்லை என்பதுதான் அனுபவம்.

கண், காது பற்றி ஒரு வரி. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு குறை கண்டால் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுக்கும். சீட்டு பையில் மடங்கிக் கிடப்பதுதான் வழக்கம். புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போக அம்மா ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஐந்தாறு பிள்ளைகளை ஒரே நாளில், ஒரு ஆசிரியரும் ஒரு அம்மாவும் கூட்டிப் போகும் ஏற்பாட்டைக் குழு தீர்மானமாகவே போடலாம்.

கூட்டத்தில்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள் என்கிறது. நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு இடம் தரச் சொல்கிறது. மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறது. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக்கினார்கள். ஏட்டில் எல்லாம் இருக்கிறது. நடப்பது எப்படி என்பதற்கு நான் பார்த்த ஒரு கூட்டம். தீர்மானப் புத்தகத்தைத் தலைமையாசிரியர் நீட்டினார்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

பூ கட்டும் அம்மா அவர். பேனாவை வாங்கிக்கொண்டு, “என்னாத்துக்கு டீச்சர்?” என்றார்.

“மானியம் வந்திருக்கும்மா. அதுக்குத்தான்.”

“எவ்ளோ வந்திருக்கு?”

தலைமையாசிரியருக்கு உடனே சொல்ல வரவில்லை. கோபமும் வரவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். செல்போனை எடுத்துப் பார்த்துத் தொகையைச் சொன்னார். பிறகு என்னென்ன வாங்கப் போகிறோம் என்ற பேச்சு வந்தது. சுவர் வேலை பட்டியலில் கீழே இறங்கியது. கூட்டம் அன்று அரை மணி நேரம் கூடுதலாக நடந்தது.

நீங்கள் ஆசிரியரானால் அந்தத் தொகையைக் கேட்கும் முன்பே பலகையில் எழுதிப் போடுங்கள்: வந்தது எவ்வளவு, எந்தத் தலைப்பில், இதுவரை செலவு எவ்வளவு. ரொக்கப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் மேசை மேல் இருக்கட்டும். கணக்கைத் திறந்து வைத்த தலைமையாசிரியர் மீது வதந்தி எழுவதில்லை. தணிக்கையிலும் அவருக்கே நிம்மதி. வாங்கிய பொருளைப் பீரோவில் பூட்டாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் குறையக் கூடாது என்ற பயத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் மணிச்சட்டங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். உடைந்தால் உடைந்தது என்று குழுவே தீர்மானம் எழுதிக் கழித்துவிடலாம்.

நீங்கள் குழுவில் இருக்கும் பெற்றோரானால், அடுத்த கூட்டத்துக்கு முன் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கை வைத்து எவ்வளவு வர வேண்டும் என்று பாருங்கள். வரவில்லை என்றாலோ குறைந்து வந்தாலோ, குழுவின் தீர்மான நகலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.